போனில் பிளாக் எழுத்து பொடியாகத் தெரிகிறது, பெரிதாக்கினால் வரி வெளியே ஓடுகிறது: உதவி தேவை

புதுத்தாள்:
அவசரம். என் பிளாக் கம்ப்யூட்டர்ல நல்லாத்தான் இருக்கு. போன்ல திறந்தா எழுத்து எறும்பு சைஸ்ல தெரியுது. விரலால விரிச்சா பெரிசாகுது, ஆனா வரியோட வால் திரைக்கு வெளிய போயிடுது. ஒவ்வொரு வரிக்கும் இழுத்து இழுத்துப் படிக்கணும். எழுத்தளவை 13லேர்ந்து 18 ஆக்கினேன், கம்ப்யூட்டர்லதான் பெரிசாச்சு. யாராவது சீக்கிரம் சொல்லுங்க.

நீலப்பென்சில்:
பிளாகரா, வேர்ட்பிரஸ்ஸா, கையால் எழுதிய பக்கமா? எந்த டெம்ப்ளேட்? எல்லாப் பதிவிலும் இப்படியா, சிலவற்றில் மட்டுமா? போன் குரோமில் மூன்று புள்ளி மெனுவைத் திறந்து ‘டெஸ்க்டாப் சைட்’ டிக் ஆகியிருக்கிறதா என்றும் பாருங்கள். அது டிக் ஆகியிருந்தால் எவ்வளவு நல்ல டெம்ப்ளேட்டும் சுருங்கித்தான் தெரியும்.

எழுத்தாணி:
ஃபான்ட்தான் காரணம். பழைய டெம்ப்ளேட்களில் லதா என்று எழுதியிருப்பார்கள். அது பழைய விண்டோஸோடு வந்தது, ஆண்ட்ராய்டில் கிடையாது. நோட்டோ சான்ஸ் தமிழ், முக்த மலர் இரண்டில் ஒன்றை வையுங்கள். வரி உயரத்தைப் பிக்சலில் எழுதாமல் 1.7 என்று வெறும் எண்ணாகக் கொடுங்கள். மேலே ‘கீ’யின் கொக்கி, கீழே ‘மூ’வின் சுழி இரண்டுக்கும் இடம் வேண்டும்.

கட்டுமானி:
ஃபான்ட் மாற்றினால் எழுத்தின் உருவம் மாறும், வரி வெளியே ஓடுவது நிற்காது. கேள்வியிலேயே பதில் இருக்கிறது, படிக்கத் தெரிய வேண்டும். வியூபோர்ட் மெட்டா டேக், அதாவது திரையின் அகலத்துக்கே பக்கத்தை வரையச் சொல்லும் வரி, இல்லை. அது இல்லாத பக்கத்தை போன் பிரவுசர் 980 பிக்சல் அகலம் என்று வைத்துக்கொண்டு வரைந்து, பிறகு திரைக்குள் சுருக்குகிறது. 360 பிக்சல் அகலப் போனில் 13 பிக்சல் எழுத்து ஐந்துக்கும் கீழே இறங்கும். 18 ஆக்கினாலும் ஆறரைதான். டேக்கை எழுதும் விதம் எந்த ஆரம்பப் பாடத்திலும் முதல் பக்கத்திலேயே இருக்கும். அடிப்படை படித்துவிட்டு டெம்ப்ளேட்டைத் தொடுவது நல்லது.

ஓரவரி:
காரணம் சரி, கட்டுமானி. ஆனால் அவர் அவசரத்தில் கேட்கிறார், டேக்கையும் சொல்லிவிடலாமே. ஹெட் பகுதிக்குள் ஒரு மெட்டா டேக். அதில் நேம் என்பதற்கு வியூபோர்ட், கன்டென்ட் என்பதற்கு ‘வித் = டிவைஸ்-வித், இனிஷியல்-ஸ்கேல் = 1’. அவ்வளவே. சிலர் கூடவே யூசர்-ஸ்கேலபிள் = நோ என்றும் சேர்க்கச் சொல்வார்கள். சேர்க்காதீர்கள். பார்வை மங்கியவர் விரலால் பெரிதாக்கிப் படிப்பதை அது தடுத்துவிடும். ஐஓஎஸ் 10 முதல் சஃபாரி அதை மதிப்பதில்லை என்பது மட்டும் ஆறுதல்.

புதுத்தாள்:
பிளாகர். மினிமா, ரொம்பப் பழசு. எல்லாப் பதிவும் அப்படித்தான். டிக் எதுவும் இல்ல. டேக் போட்டேன், சேவ் ஆகல. மெட்டா முடியலன்னு ஏதோ பிழை.

நீலப்பென்சில்:
இதை முதலிலேயே சொல்லியிருந்தால் பாதிப் பேச்சு மிச்சம். பிளாகர் டெம்ப்ளேட் எக்ஸ்எம்எல், திறந்த டேக்கை மூடியே தீர வேண்டிய வடிவம். அங்கே மெட்டா டேக்கின் கடைசி அடைப்புக்குறிக்கு முன் ஒரு சாய்கோடு இருந்தே ஆகவேண்டும், இல்லாவிட்டால் சேவ் ஆகாது. வேறெங்கிருந்தாவது நகலெடுத்து ஒட்டியிருந்தால் வளைந்த மேற்கோள் குறி வந்திருக்கும். அதை அழித்து நேர்க்குறியை விசைப்பலகையிலேயே அடியுங்கள்.

தொடுவதற்கு முன் தீம் பக்கத்தில் கஸ்டமைஸ் பொத்தானை ஒட்டிய அம்புக்குறியை அழுத்தி பேக்கப் எடுத்துக்கொள்ளுங்கள். அதே மெனுவில் மொபைல் செட்டிங்ஸ் இருக்கும். அதை ‘டெஸ்க்டாப்’ என்று வையுங்கள். ‘மொபைல்’ என்றிருந்தால் போனில் பிளாகர் தன்னுடைய மொபைல் டெம்ப்ளேட்டைக் காட்டும், நீங்கள் திருத்தியது எதுவும் தெரியாது.

டேக் சேர்ந்ததும் எழுத்து பெரிதாகும், ஆனால் பக்கம் வலப்பக்கம் நீளும். பயப்பட வேண்டாம், வேலை பாதிதான் முடிந்திருக்கிறது. மினிமாவில் முழுப் பக்கப் பெட்டியான அவுட்டர்-ராப்பர் 660 பிக்சல், பதிவுப் பெட்டியான மெயின்-ராப்பர் 410, பக்கப்பட்டியான சைட்பார்-ராப்பர் 220 என்று அகலங்கள் கெட்டியாக எழுதப்பட்டிருக்கும். ஒரு மீடியா குவெரி (குறுகிய திரையில் மட்டும் செயல்படும் விதி) எழுதுங்கள், மேக்ஸ்-வித் 700 பிக்சல். அதற்குள் இந்த மூன்றுக்கும் ஹெடர்-ராப்பருக்கும் வித் ஆட்டோ, ஃப்ளோட் நன். அவுட்டர்-ராப்பருக்கு மட்டும் இரு பக்கமும் 16 பிக்சல் பேடிங் (உள் இடைவெளி). பதிவு எழுத்து 17 பிக்சல். சைட்பார் தானாகப் பதிவுகளுக்குக் கீழே இறங்கிவிடும்.

இடம் முக்கியம். டெம்ப்ளேட்டின் சிஎஸ்எஸ் (தோற்ற விதிகள்) பி-ஸ்கின் என்ற டேக்குக்குள் இருக்கும். இது பி-ஸ்கின் மூடும் வரிக்குச் சற்று மேலே, எல்லா சிஎஸ்எஸ்ஸுக்கும் கடைசியில் வர வேண்டும். மேலே வைத்தால் கீழே இருக்கும் பழைய 660 வந்து இதை அடித்துவிடும்.

படங்களுக்கு மேக்ஸ்-வித் 100%, ஹைட் ஆட்டோ. ஹைட் ஆட்டோவை விட்டால் பிளாகர் படத்தோடு எழுதும் உயரம் அப்படியே நின்று, முகமெல்லாம் நீண்டு தெரியும். மினிமா படத்தைச் சுற்றி 4 பிக்சல் பேடிங்கும் 1 பிக்சல் பார்டரும் போடுகிறது. அதனால் 100% என்று எழுதிய பிறகும் படம் 10 பிக்சல் வெளியே நீட்டும். பாக்ஸ்-சைசிங் பார்டர்-பாக்ஸ் சேர்த்தால் அவையும் அகலத்துக்குள்ளேயே எண்ணப்பட்டு அடங்கும்.

எழுத்தாணி:
இதோடு டெக்ஸ்ட்-அலைன் ஜஸ்டிஃபை கொடுத்தால் இரு ஓரமும் நேராக, அச்சுப் பத்திரிகை போலப் படிக்க அழகாக இருக்கும்.

ஓரவரி:
தயவுசெய்து வேண்டாம். 360ல் ஓரங்கள் போக மிஞ்சுவது 328 பிக்சல். ‘கொண்டிருக்கிறார்களென்பதையும்’ போல ஒரு சொல் வந்தால் வரியில் பெரும்பகுதியை அதுவே அடைத்துக்கொள்ளும். முந்தைய வரியில் மிஞ்சிய இரண்டு சிறு சொற்களை இரு ஓரத்துக்கும் தள்ளிவைத்து நடுவில் பெரிய பொட்டல் விழும். தமிழ்ச் சொல்லின் நீளத்துக்கு இடப்பக்கச் சீர்தான் போனில் பொருந்தும்.

எழுத்தாணி:
பத்திரிகைப் பத்தி போனை விடக் குறுகல். அங்கே எப்படி நேராக நிற்கிறது?

கட்டுமானி:
அங்கே சொல்லை நடுவில் உடைத்து அடுத்த வரிக்குக் கொண்டுபோகிறார்கள். பிரவுசர் தானாக உடைக்காது. ஹெச்டிஎம்எல் டேக்கில் லேங் = டிஏ என்று மொழியைச் சொல்லி, ஹைஃபன்ஸ் ஆட்டோ கொடுத்தால் ஆண்ட்ராய்டு குரோம் தமிழை உடைக்கும். ஆனால் உடைத்த இடத்தில் சிறுகோடு வரும், தமிழ் அச்சில் அந்த வழக்கம் கிடையாது. எல்லா போனிலும் உடைக்கும் என்று நம்பவும் முடியாது. உடைக்காத போனில் மறுபடி பொட்டல்தான். இது வாதிட வேண்டிய விஷயமே இல்லை.

ஓரவரி:
முடிவில் ஒத்துப்போகிறோம். வேர்ட்-பிரேக் பிரேக்-ஆல் மட்டும் யாரும் போட்டுவிடாதீர்கள். தேவையில்லாத சொல்லையும் வரி முடியும் இடத்தில் வெட்டிவிடும். நீளமான இணைய முகவரி வெளியே நீட்டாமலிருக்க ஓவர்ஃப்ளோ-ராப் பிரேக்-வேர்ட் போதும். அது வேறு வழியில்லாதபோது மட்டுமே வெட்டும்.

புதுத்தாள்:
சேவ் ஆச்சு. எழுத்து நல்லா தெரியுது, சைட்பார் கீழ போயிடுச்சு. ரொம்ப நன்றி எல்லாருக்கும். சில பதிவு மட்டும் இன்னும் வலப்பக்கம் இழுக்குது.

கட்டம்:
பாடிக்கு ஓவர்ஃப்ளோ-எக்ஸ் ஹிடன் போடுங்க, இழுப்பு நின்னுடும்.

நீலப்பென்சில்:
இழுப்பு நிற்கும், வெளியே நீட்டிய பகுதியைப் படிக்க வழியும் போய்விடும். எது நீட்டுகிறது என்று கண்டுபிடிப்பதே சரி. கம்ப்யூட்டர் குரோமில் அந்தப் பதிவைத் திறந்து எஃப்12, பிறகு கண்ட்ரோல்-ஷிஃப்ட்-எம். அகலம் 360 வையுங்கள். ஸ்டைல் பகுதியில் எல்லா எலிமென்ட்டுக்கும் (நட்சத்திரக் குறி) அவுட்லைன் 1 பிக்சல் சிவப்பு கொடுத்தால் ஓரத்தைத் தாண்டும் பெட்டி உடனே கண்ணில் படும். பார்டர் கொடுக்காதீர்கள், அதுவே அளவைக் கூட்டிவிடும்.

பெரும்பாலும் மூன்றில் ஒன்றாக இருக்கும். யூடியூப் ஐஃப்ரேம் (பதிவுக்குள் பதித்த வீடியோ) என்றால் வித் 100%, ஹைட் ஆட்டோ, ஆஸ்பெக்ட்-ரேஷியோ 16/9. அட்டவணை என்றால் அதை ஒரு டிவ்வுக்குள் (வெறும் பெட்டி டேக்) வைத்து அந்த டிவ்வுக்கு ஓவர்ஃப்ளோ-எக்ஸ் ஆட்டோ. அப்போது அட்டவணை மட்டும் தனியே நகரும், பதிவு அசையாது. மூன்றாவது, வேர்டிலிருந்து ஒட்டிய பதிவு. ஒவ்வொரு பத்தியிலும் அகலமும் எழுத்தளவும் உள்ளேயே எழுதியிருக்கும், உங்கள் மீடியா குவெரி அதை வெல்லாது. விதியின் முடிவில் !important போட்டு வெல்லலாம். ஆனால் அந்தப் பதிவைத் தேர்வு செய்து ‘கிளியர் ஃபார்மட்டிங்’ அழுத்தினால் குப்பை போய்விடும். தடித்த எழுத்து மாதிரியானவை போயிருந்தால் திரும்பப் போட்டுக்கொள்ளுங்கள்.

எந்தப் பதிவு என்று முகவரி கொடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.

எழுத்தாணி:
பழைய பதிவில் பாமினி, டிஸ்கி போன்ற யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருவில் எழுதியது ஏதும் இருந்தால் போனில் அது எழுத்தாகவே வராது. யூனிகோடுக்கு மாற்றித்தான் ஆகவேண்டும். அகலத்தோடு அதையும் பார்த்துவிடுங்கள்.

நீலப்பென்சில்:
புதுத்தாள், முகவரி?