எண்டோவின் ‘மௌனம்’: மறுதலித்தவனின் கதை விசுவாசத்தை வளர்க்குமா?

தாமிரபரணி எழுதியது:

ஜப்பானிய எழுத்தாளர் ஷுசாகு எண்டோவின் ‘மௌனம்’ நாவலைப் பங்கு இளைஞர்களுக்குப் படிக்கக் கொடுக்கலாமா என்ற கேள்வி எங்கள் வாசகர் வட்டத்தில் எழுந்தது. கொடுக்க வேண்டும் என்பதே என் கருத்து. 1923இல் பிறந்த எண்டோ, தாயின் வழியில் சிறுவயதிலேயே திருமுழுக்குப் பெற்றவர். தாய் உடுத்திவிட்ட மேல்நாட்டு உடை தம் உடம்புக்குப் பொருந்தவில்லை என்றும், அதைக் கழற்றி எறியவும் மனம் வராமல் தம் அளவுக்குத் திருத்தித் தைக்கவே முயன்றதாகவும் அவர் தம் விசுவாசத்தைப் பற்றிச் சொல்லியிருக்கிறார். நாகசாகியில் அவர் ஒரு ‘ஃபூமியே’யைக் கண்டார். கிறிஸ்துவின் உருவம் பதித்த தகடு அது. ஜப்பானில் கிறிஸ்தவம் தடைசெய்யப்பட்டிருந்த காலத்தில், தாம் கிறிஸ்தவர் அல்லர் என்று காட்ட மக்கள் அதை மிதிக்க வேண்டியிருந்தது. அதன் மரச்சட்டத்தில் கால்விரல்களின் கறுத்த தடம் படிந்திருந்தது. மிதித்தவர்கள் யார், மிதிக்கும்போது அவர்கள் நெஞ்சில் என்ன இருந்தது, தாமாக இருந்தால் என்ன செய்திருப்போம் என்ற கேள்விகள் அவரை விடவில்லை. மறைசாட்சிகளின் பெயர்களைத் திருச்சபை போற்றிக் காக்கிறது. அஞ்சிப் பணிந்தவர்களைப் பற்றி ஏடுகள் வாய் திறப்பதில்லை. அவர்களை மீண்டும் எழுந்து நடக்கவைத்து, அவர்கள் குரலைக் கேட்பது நாவலாசிரியனின் கடமை என்று எண்டோ நம்பினார். 1966இல் வெளிவந்த இந்த நாவல் அந்த நம்பிக்கையில் பிறந்தது.

மறைக்கல்வி ஆசிரியர் எழுதியது:

நாவலின் ஆற்றலை நான் மறுக்கவில்லை, நண்பரே. என் அச்சமே அந்த ஆற்றலைப் பற்றியதுதான். அந்தச் சிறையறைக் காட்சியை எண்ணிப் பாருங்கள். இருட்டில் கிடக்கும் நாவலின் நாயகரான போர்த்துகீசியக் குருவானவர் ரோட்ரிகஸ், ‘அவரைப் புகழுங்கள்’ என்று சுவரில் இலத்தீனில் செதுக்கியிருக்கும் எழுத்துகளை விரலால் தடவி அறிகிறார். வெளியே காவலாளி குறட்டை விடுவதாக நினைத்து எரிச்சல் அடைகிறார். அது குறட்டை அன்று, குழிக்குள் தலைகீழாகத் தொங்கவிடப்பட்ட கிறிஸ்தவர்களின் முனகல் என்று, அவருக்கு முன்பே மறுதலித்துவிட்ட அவருடைய பழைய ஆசிரியர் ஃபெரைரா சொல்கிறார். அவர்கள் ஏற்கெனவே மறுதலித்துவிட்டார்கள். ஆனாலும் ரோட்ரிகஸ் மிதித்தால்தான் அவர்களுக்கு விடுதலை. அப்போது தகட்டில் இருக்கும் கிறிஸ்துவே ‘மிதி’ என்கிறார். இதை ஓர் இறையியல் கட்டுரை சொல்லியிருந்தால், ‘மனிதர் முன்னிலையில் என்னை மறுதலிப்பவரை நானும் மறுதலிப்பேன்’ என்ற ஆண்டவரின் வார்த்தையைக் காட்டி மறுத்திருக்கலாம். கதையிலோ வாசகர் அந்த முனகலைக் கேட்டுவிடுகிறார். அதன்பின் மிதிக்காமல் நிற்பதே கொடுமை என்று அவருக்குத் தோன்றிவிடுகிறது. ஆண்டவர் சொல்லாத ஒன்றை அவர் சொன்னதாக எழுத ஒரு நாவலாசிரியருக்கு உரிமை தந்தவர் யார்? அதே நாவலில் கடலோரக் கம்பங்களில் கட்டப்பட்டு, அலை ஏறி ஏறிச் சாகும் கிராமத்துக் கிறிஸ்தவர்களான மோக்கிச்சிக்கும் இச்சிசோவுக்கும் அப்படி ஒரு குரலும் கேட்கவில்லையே! 1597இல் நாகசாகிக் குன்றில் சிலுவையில் அறையப்பட்ட இருபத்தாறு பேரை இந்தக் கதை மறக்கடித்துவிடும் என்பதே என் கவலை.

தாமிரபரணி எழுதியது:

ஐயா, மோக்கிச்சியும் இச்சிசோவும் முதலில் தகட்டை மிதித்தார்கள். அதன்மேல் உமிழவும் கன்னிமரியைப் பழிக்கவும் சொன்னபோதுதான் அவர்களால் முடியவில்லை. ‘மிதியுங்கள்’ என்று அவர்களிடம் முன்கூட்டியே சொன்னவர் ரோட்ரிகஸ்தான். வீரன், கோழை என்று மனிதரை இரு வரிசையில் நிறுத்த எண்டோ இடம் தரவில்லை. ரோட்ரிகஸ் மிதித்த உடனே தொலைவில் சேவல் கூவுகிறது. பேதுருவின் மறுதலிப்பை அறிந்த எந்தக் கிறிஸ்தவருக்கும் அந்தக் கூவல் எதைச் சுட்டுகிறது என்பது விளங்கும். மிதித்தது சரி என்று தீர்ப்பளிக்க நினைப்பவர் அந்தச் சேவலைக் கூவவிட்டிருப்பாரா?

நூலகவாசி எழுதியது:

இருவரும் கதைக்குள்ளேயே நிற்கிறீர்கள். ஜப்பானிய வரலாற்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். முத்துக்குளித்துறையில் உழைத்த புனித சவேரியார்தான் 1549இல் ககோஷிமாவில் இறங்கி அங்கே நற்செய்தி அறிவித்தார். தடைக்காலத்தில் மறைந்து வாழ்ந்த கிறிஸ்தவர்கள் அதிகாரிகளின் முன் தகட்டை மிதித்துவிட்டு, வீடு திரும்பி உத்தம மனஸ்தாப மந்திரம் சொல்லி அழுதார்கள். அவர்களின் வழிவந்தவர்கள்தான் 1865 மார்ச்சில் நாகசாகியின் ஓவுரா ஆலயத்துக்கு வந்து, அருட்தந்தை பெத்திழானிடம் மாதாவின் சுரூபம் எங்கே என்று கேட்டார்கள். குருக்களே இல்லாமல் இருநூறு ஆண்டுகளுக்கும் மேலாக விசுவாசத்தைக் காத்தவர்கள், மிதித்தவர்களின் பிள்ளைகள். எண்டோவின் கற்பனை வெறும் காற்றில் கட்டப்பட்டதன்று.

மறைக்கல்வி ஆசிரியர் எழுதியது:

நூலகவாசி சொன்னது என் தரப்புக்கே வலுச் சேர்க்கிறது. அந்த ஏழை மக்கள் மிதித்ததைப் பாவம் என்று அறிந்திருந்தார்கள். அதனால்தான் வீட்டில் மனஸ்தாபப்பட்டார்கள். நாவலில் வரும் குருவோ மிதித்ததன் வழியாகவே ஆண்டவரை முன்பைவிட ஆழமாக நேசிப்பதாகச் சொல்லிக்கொள்கிறார். மனவருத்தத்துக்கும் இந்தத் தன்னிறைவுக்கும் நடுவே மிகப் பெரிய இடைவெளி இருக்கிறது. அந்த இடைவெளியை மார்ட்டின் ஸ்கோர்செசியும் உணர்ந்திருப்பார் என்று நினைக்கிறேன். 2016இல் வந்த திரைப்படத்தில், இறந்த ரோட்ரிகஸின் கைக்குள் நாவலில் இல்லாத ஒரு சிறு பாடுபட்ட சுரூபத்தை அவர் வைத்தார். கதை தானாகச் சொல்லாத ஒன்றைச் சொல்ல அவருக்கு அது தேவைப்பட்டிருக்கிறது.

தாமிரபரணி எழுதியது:

கதை அதைச் சொல்கிறது. நாம்தான் கடைசிப் பக்கங்களைப் படிக்காமல் மூடிவிடுகிறோம். நாவலின் முடிவில், கிறிஸ்தவர்களை அடைத்துவைத்த இல்லத்து அதிகாரியின் நாட்குறிப்பு ஒன்று பிற்சேர்க்கையாக வருகிறது. உணர்ச்சியே இல்லாத அலுவலக நடையில் இருப்பதால் பலர் அதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். பல ஆண்டுகளுக்குப் பிறகும் ரோட்ரிகஸை மீண்டும் மறுதலிப்பு எழுதவைக்கிறார்கள் என்பது அதில் பதிவாகியிருக்கிறது. முழுமனத்தோடு கைவிட்டவனிடம் ஏன் திரும்பவும் எழுதி வாங்க வேண்டும்? அவருக்குப் பணிவிடை செய்யும் கிச்சிஜிரோவின் தாயத்துப் பையில் புனிதர்களின் உருவம் பதித்த பதக்கம் அகப்படுகிறது. அத்தனை முறை காட்டிக்கொடுத்து, அத்தனை முறை பாவசங்கீர்த்தனம் கேட்டு வந்து நின்ற அதே கிச்சிஜிரோ! நீங்கள் கேட்கும் மனவருத்தம் அங்கே இருக்கிறது, ஐயா. தன்னைத் தானே மெச்சிக்கொள்ளாத வடிவத்தில் இருக்கிறது. கடவுள் பேசாமல் இருந்தார் என்று தாம் எழுதவில்லை, அந்த மௌனத்துக்குள் அவர் பேசினார் என்றே எழுதியதாக எண்டோ பிற்காலத்தில் விளக்க வேண்டி வந்தது. வட்டத்தில் இந்த நாவலை எடுத்தால் நாட்குறிப்பிலிருந்தே வாசிப்பைத் தொடங்கலாம் என்று முன்மொழிகிறேன்.

மறைக்கல்வி ஆசிரியர் எழுதியது:

நாட்குறிப்பை வாசியுங்கள், நானும் வருகிறேன். ஆனால் மோக்கிச்சி கம்பத்தில் பாடிய பாட்டு வரும் பக்கத்தை அதே அமர்வில் நான் வாசிப்பேன். ரோட்ரிகஸுக்காக அழும் இளைஞர்கள் அவனுக்காகவும் அழுகிறார்களா என்று பார்த்துவிட்டுத்தான் என் கருத்தை மாற்றிக்கொள்வதா வேண்டாமா என்று முடிவு செய்வேன்.