குமானோ கோடோ, ஒருநாள் நடை: போய் வந்தவர்கள் வழி சொல்லுங்கள்

வணக்கம். நவம்பர் கடைசி வாரம், ஒரு வேலைநாளில், ஜப்பானின் பழைய யாத்திரைப் பாதையான குமானோ கோடோவில், ஹொஷின்மொன் ஓஜி என்ற சிறு வழிபாட்டிடத்திலிருந்து ஹொங்கு தைஷா என்ற பெரிய ஷின்டோ கோயில் வரை நடக்கத் திட்டம். கூட வருபவர்களில் முழங்கால் வலி உள்ள அறுபது வயதுக்காரர் ஒருவர்.

தெரிந்தவரை, ஏறத்தாழ 7 கி.மீ., பெரும்பாலும் இறக்கம். 500 மீட்டருக்கு ஓர் எண் குறி; நீண்ட பாதையின் தொடக்கத்திலிருந்தே எண்ணி வருவதால் ஹொங்குவில் 75. முதல் பாதி தேயிலைத் தோட்டம், சிற்றூர்கள் வழியே தார்ச்சாலை. அடுத்தது தேவதாரு மரக்காடு. பாசி பிடித்த கல்லும் மர வேரும் மழையில் வழுக்குமாம். கோயிலுக்குப் பின்புறமாக நுழைவதால், முன்வாசல் வழியே வெளியேறினால் 158 படிகளை இறங்க வேண்டும். முழங்காலுக்கு ஏறுவதைவிட இறங்குவதுதான் வினை. அதனால்தான் இவ்வளவு கேள்வி.

1. வழியிலுள்ள ஃபுஷிஒகாமி என்ற இடத்தில் உள்ள தேநீர்க் கடை வேலைநாளில் திறந்திருக்குமா? இல்லையென்றால் தண்ணீரை ஹொஷின்மொனிலேயே நிரப்பிக்கொள்ள வேண்டுமா?

2. அதற்கும் அப்பால் வரும் சான்கென்ஜாயா என்ற இடத்துக்குப் பிந்தைய இறக்கத்துக்கு ஊன்றுகோல் ஒன்று போதுமா, இரண்டு வேண்டுமா? நடுவில் நடையை முடித்துப் பேருந்து பிடிக்க வழி உண்டா?

3. சைவச் சாப்பாடு பெரிய தலைவலி. சோபா நூடுல்ஸ் குழம்பிலும், மிசோ என்ற புளித்த சோயா விழுதில் செய்யும் சூப்பிலும் மீன் சாறு கலந்திருக்கும். கடுகுக்கீரை இலையில் சோறு பொதிந்த மெஹரிசுஷி அங்கே மீன் சேராமல் கிடைக்குமா?

நாலே முக்கால், ஐந்து மணிக்கே இருட்டிவிடும் பருவம். சாதாரணமாக மூன்று மணி நேர நடை. மெதுவாகப் போக ஐந்து மணி நேரம் ஒதுக்கியிருக்கிறோம். காலை எத்தனை மணிக்குள் ஹொஷின்மொனில் இறங்கினால் சரியாக இருக்கும்?