அட்வான்ஸ்டு ஓஎஸ் (ஆபரேட்டிங் சிஸ்டம்) பேப்பர் எடுத்தவங்க இருக்கீங்களா? உங்க கதையையும் சொல்லுங்க

கெர்னல்கிறுக்கன்:
எம்.ஈ.ல அட்வான்ஸ்டு ஓஎஸ்னு பேப்பர் பேரப் பாத்ததும் நான் பெருசா பயப்படல, பி.ஈ.ல ஓஎஸ்ல நல்ல மார்க், காப்பி ஆன் ரைட்னா என்னன்னு தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் ரெண்டு பக்கம் எழுதுவேன். ஃபோர்க் பண்ணும்போது, அதாவது ஓடுற புரோகிராம் தன்ன மாதிரியே இன்னொண்ண உருவாக்கும்போது, மெமரி துண்டான பேஜ காப்பி பண்ணாம அப்பனும் புள்ளையும் ஒண்ணையே வச்சுக்கும், யாராச்சும் எழுதப் போனா அப்பதான் காப்பி. அவ்ளோதானே?

சார் எக்ஸ்வி6 சோர்ஸ் கோட குடுத்து இதுல அதப் போட்டு கொண்டாங்கன்னுட்டாரு. எம்ஐடில பாடம் நடத்த எழுதின குட்டி ஓஎஸ் அது, 1975ல வந்த யூனிக்ஸ் ஆறாவது எடிஷன் சாயல்ல இருக்கும், இப்ப ரிஸ்க்-ஃபைவ் வகை சிபியுல ஓடுது. எந்த பேஜ் எங்க இருக்குன்னு சொல்ற பேஜ் டேபிள் என்ட்ரில, எழுத அனுமதி குடுக்குற ரைட் பிட்ட எடுத்தேன், எழுதப் போய் தடுத்து ஃபால்ட் வந்தா புதுசா 4096 பைட் வாங்கி காப்பி பண்ணேன், ஒவ்வொரு பேஜயும் எத்தன பேர் வச்சிருக்காங்கன்னு ஒரு கவுன்ட். கமாண்ட் அடிக்கிற ஷெல் வந்துச்சு, ஃபைல் லிஸ்ட் காட்டுற எல்எஸ் அடிச்சா ஓடுது. அந்த சந்தோஷத்துல ரூம்ல எல்லாருக்கும் டீ.

டெஸ்ட் ஓட்டினா எல்லாம் ஓகே, ஒரு புரோகிராம்ல இருந்து இன்னொண்ணுக்கு டேட்டா அனுப்புற பைப்ல இருந்து படிக்கிறது மட்டும் புட்டுக்கிச்சு. புள்ளை படிச்ச டேட்டா அப்பன் பஃபர்ல போய் உக்காந்திருக்கு! மூணு நாள் பிரின்ட் போட்டுப் போட்டு பாத்தேன். கடைசில பாத்தா அங்க எழுதறது யூசர் புரோகிராமே இல்ல, ஓஎஸ்ஸோட மையப்பகுதியான கெர்னல். ரீட் பண்ணத யூசர் பஃபர்ல கொண்டு வைக்கிற காப்பிஅவுட் ஃபங்ஷன், பிசிகல் அட்ரஸ கண்டுபிடிச்சு தன்னோட மேப்பிங் வழியா நேரா எழுதிடுது, நான் யூசர் பக்கம் பிட்ட எடுத்து வச்சதெல்லாம் அது சட்டையே பண்ணாது, ஃபால்ட்டும் வராது. முன்வாசல பூட்டிட்டு கொல்லைக்கதவ தொறந்து போட்ட கதை. அங்கயும் அதே செக்க போட்டேன், சரியாச்சு. எழுதினது நாலஞ்சு வரிதான்.

தயிர்சாதம்_பார்சல்:
எனக்கு வைவால நடந்தது. ஃபிரேம் (பேஜ் வைக்கிற ரேம் இடம்) கூட்டினா பேஜ் ஃபால்ட் (கேக்குற பேஜ் ரேம்ல இல்லாம போறது) குறையுமான்னு மேடம் கேட்டாங்க, இதெல்லாம் ஒரு கேள்வியான்னு குறையும் மேடம்னேன். முதல்ல வந்த பேஜ முதல்ல வெளிய அனுப்புற ஃபிஃபோ வச்சுப் போட்டுக் காட்டுன்னு, பேஜ் கேக்குற வரிசையா 1,2,3,4,1,2,5,1,2,3,4,5னு எழுதிக் குடுத்தாங்க. 3 ஃபிரேம்ல 9 ஃபால்ட். 4 ஃபிரேம்ல 10! தப்பா போட்டுட்டேன்னு நெனச்சு அழிச்சு மறுபடி போட்டேன், அப்பவும் 10. ஃபிரேம் கூட்டியும் ஃபால்ட் கூடுற இதுக்கு பெலாடி அனாமலின்னு பேர மட்டும் மனப்பாடம் பண்ணி வச்சிருந்தேன், கண்ணு முன்னாடி நடக்கும்போது அடையாளம் தெரியல. ரொம்ப நேரமா தொடாத பேஜ வெளிய அனுப்புற எல்ஆர்யூல இது ஏன் வராதுன்னு அடுத்த கேள்வி, அதுக்கு பேந்தப் பேந்த முழிச்சேன், அத விடுங்க.

பூட்டுச்சாவி:
@கெர்னல்கிறுக்கன் ப்ரோ, அந்த கவுன்ட ஒரு நேரத்துல ஒரு சிபியு மட்டும் தொடற மாதிரி லாக் போட்டீங்களா? எக்ஸ்வி6 சும்மாவே 3 சிபியுல ஓடும். ரெண்டு சிபியு ஒரே நேரத்துல 2ன்னு படிச்சு ஆளுக்கொண்ணு கழிச்சு 1ன்னு எழுதிட்டா அந்த பேஜ் யாருக்கும் சொந்தமில்லாம அப்படியே கெடக்கும்.

கெர்னல்கிறுக்கன்:
போடல 😭 டெஸ்ட் எல்லாம் பாஸ், முடியும்போது மட்டும் கொஞ்சம் ஃப்ரீ பேஜ காணோம்னு சொல்லும், அதுவும் சில தடவதான். பிரின்ட் போட்டா வராது, எடுத்தா வரும். நாலாவது நாள் அதுக்குப் போச்சு.