புதுப்பிப்பு: லூதர் டெய்லர் பெயரில் உடற்பயிற்சிக் கூடம்

காது கேளாத அமெரிக்க பேஸ்பால் பந்துவீச்சாளர் லூதர் டெய்லரைப் பற்றிச் சென்ற வாரம் எழுதியிருந்தேன். கான்சாஸ் காது கேளாதோர் பள்ளி தன் உடற்பயிற்சிக் கூடத்துக்கு அவர் பெயரைச் சூட்டியது ஏன் என்று பலர் கேட்டிருந்தீர்கள். 1904இல் அவர் நியூயார்க் ஜயன்ட்ஸ் அணிக்காக 21 வெற்றிகள் ஈட்டினார். அவருடன் பேசுவதற்காகவே அணியின் மேலாளர் மெக்ரா விரல்மொழி கற்றார். ஆனால், என்னைப் பொறுத்தவரை, பெயர் சூட்டக் காரணம் அது மட்டுமல்ல. ஓய்வுக்குப் பின் தான் படித்த அதே பள்ளிக்குத் திரும்பிப் பிள்ளைகளுக்குப் பயிற்சியளித்தார். பிறகு இல்லினாய் காது கேளாதோர் பள்ளியில் அவர் கண்டெடுத்த சிறுவன் டிக் சைபெக், 1945இல் முதல்நிலைப் பேஸ்பால் அணியான சின்சினாட்டி ரெட்ஸுக்கே ஆடினான்.

அன்றைய பத்திரிகைகள் அவரை 'ஊமை டெய்லர்' என்றே அச்சிட்டன. பள்ளியோ அவருடைய சொந்தப் பெயரைச் சூட்டியிருக்கிறது. எனக்கு நெஞ்சு நிறைந்தது அங்கேதான்.