தெற்கு பொஹிமியா (செக் நாடு): கார் இல்லாமல் ஐந்து நாள், யோசனை வேண்டும்

வணக்கம். செப்டம்பர் நடுவில் அம்மாவோடு போகிறோம். அவருக்கு 70 வயது. நடப்பார், ஏற்றம்தான் ஆகாது. தங்குவது செஸ்கே புத்யேயோவிட்சேயில். ரயிலும் பஸ்ஸும் எல்லாப் பக்கமும் அங்கிருந்துதான் பிரிகின்றன.

செஸ்கி க்ரும்லொவுக்கு ரயிலில் முக்கால் மணி நேரம். ஆனால் ஸ்டேஷன் ஊருக்கு மேலே, சுமார் ஒன்றரை கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. திரும்பும்போது முழுக்க ஏற்றம். அதனால் பஸ். கோட்டையின் அறைகளுக்குள் வழிகாட்டியோடுதான் விடுவார்கள், பரோக் அரங்குக்குத் தனி டிக்கெட். அரண்மனைகள் பெரும்பாலும் திங்களன்று மூடியிருக்கும் என்பதால் அன்று குளங்கள் நிறைந்த ட்ரெபோன் ஊர். குளத்துக்கு ஏது விடுமுறை! ஊரை ஒட்டியே ஸ்வெட் குளம். வடக்கே யாகூப் கிர்ச்சின் 1584 முதல் 1590 வரை கட்டிய ரோஜ்ம்பெர்க், செக் நாட்டின் மிகப் பெரிய குளம். அக்டோபரில் கெண்டை மீன் பிடிக்கத் தண்ணீரை வடிப்பார்கள், ஆகவே பயணத்தைத் தள்ளிப்போட மனமில்லை.

கேட்க வேண்டியவை:

செர்வெனா ல்ஹோதா அரண்மனைக்கு ரயில் கிடையாது. யிந்த்ரிஹூவ் ஹ்ராதெட்ஸிலிருந்து வார நாளில் பஸ்ஸில் போய் அன்றே திரும்ப முடியுமா, டாக்ஸிதானா?

லிப்னோ ஏரிக்கு ரிப்னீக்கில் ரயில் மாற வேண்டும். மாறும் இடத்தில் படிக்கட்டு உண்டா? லிப்னோவுக்குப் பதில் ஹ்லுபோகா அரண்மனையில் ஒரு நாளை நிதானமாகக் கழிப்பது மேலா?

க்ரும்லொவ் கோட்டைத் தோட்டத்துக்கு ஏற்றம் குறைந்த வழி தெரிந்தால், எந்தப் பக்கத்து வாசல் என்றும் சொல்லுங்கள்.