மிஸ்ஸியம்மாவும் பானுமதியின் கடிதமும்: காணொளிக்காரருக்கு ஒரு மறுப்பு

சாலிகிராமத்துக்காரி:
பழைய நடிகைகளைப் பற்றிக் காணொளி போடும் ஒருவர் நேற்று பானுமதியைப் பற்றிப் பேசியிருக்கிறார். "படப்பிடிப்புக்கு நேரத்துக்கு வராத திமிரால் மிஸ்ஸியம்மா பட வாய்ப்பைத் தொலைத்தார், அதோடு அவருடைய காலமும் முடிந்தது" என்கிறார். கீழே ஒரே பாராட்டு. எனக்கு வயிறு எரிகிறது.

நடந்ததாகச் சொல்லப்படுவதை முழுதாகச் சொல்கிறேன். விஜயா நிறுவனத்தின் நாகி ரெட்டியும் சக்கரபாணியும் அந்தப் படத்துக்கு முதலில் ஒப்பந்தம் செய்தது பானுமதியைத்தான். எல். வி. பிரசாத் இயக்கத்தில் நான்கு ரீல் வரை எடுத்தும்விட்டார்கள். வரலட்சுமி நோன்பு வந்தது. பூஜை முடித்து மதியம்தான் வர முடியும் என்று தயாரிப்பு நிர்வாகிக்குக் கடிதம் கொடுத்தனுப்பினார் பானுமதி. அது சக்கரபாணியின் கைக்குப் போய்ச் சேரவில்லை. அவர் மன்னிப்புக் கேட்கச் சொன்னார், இவர் மறுத்தார். எடுத்த ரீல்களை இவர் கண்ணெதிரிலேயே கொளுத்தினார் சக்கரபாணி என்பார்கள். முன்கூட்டியே கடிதம் கொடுத்தவர் எதற்காக மன்னிப்புக் கேட்க வேண்டும்?

காலம் முடிந்ததாம்! மிஸ்ஸியம்மா 1955 பொங்கலுக்கு வந்தது. மறுவருடம் மட்டும் அலிபாபாவும் 40 திருடர்களும், மதுரை வீரன், ரங்கோன் ராதா என்று வரிசையாகப் படங்கள். 1958ல் நாடோடி மன்னன், 1962ல் அன்னை. முடிந்துபோன காலம் இப்படித்தான் இருக்குமா?

திலகத்தின் ரசிகன்:
அம்மா, பட்டியல் எல்லாம் சரி. எனக்கு ஒரே கேள்வி. அந்தக் கடிதத்தைக் கண்ணால் பார்த்தவர் யார்? "கொடுத்தனுப்பினார்" என்கிறீர்கள், "போய்ச் சேரவில்லை" என்கிறீர்கள். போய்ச் சேராத கடிதத்தை வைத்து ஒரு தயாரிப்பாளரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிறீர்கள்.

அது ஒரே நேரத்தில் தமிழிலும் தெலுங்கிலும் எடுக்கப்பட்ட படம். கதாநாயகி ஒரு காலை வராவிட்டால் இரண்டு படங்கள் நிற்கும். அத்தனை பேரும் ஒப்பனையோடு உட்கார்ந்திருக்க வேண்டும். கடிதம் கொடுத்துவிட்டேன், என் வேலை முடிந்தது என்று பூஜையில் உட்காருவதா?

இன்னொன்று. அவர் போனதால்தான் கதாநாயகி மேரியாக சாவித்திரி நமக்குக் கிடைத்தார். அதற்காகவே அந்த நோன்புக்கு நான் நன்றி சொல்வேன்.

சாலிகிராமத்துக்காரி:
கடிதத்தைப் பார்த்தவர் அதை வாங்கிய நிர்வாகி. வாங்கியதை முதலாளியிடம் சொல்லாதது அவர் தவறு. நிர்வாகியின் தவறுக்கு நடிகை மன்னிப்புக் கேட்க வேண்டும் என்பது எந்த ஊர் நியாயம்?

சாவித்திரியை நடுவில் இழுக்காதீர்கள். அவர் மீது எனக்கு ஒரு குறையும் இல்லை. அவர் அந்தப் படத்தில் இரண்டாவது வேடத்துக்கு ஏற்கெனவே ஒப்பந்தமானவர். பானுமதி விலகியதும் மேரி வேடம் அவருக்கு வந்தது, அவருடைய வேடம் ஜமுனாவுக்குப் போனது. ஒரு திறமைசாலிக்கு வழி கிடைத்ததே என்று பானுமதியே பின்னாளில் மகிழ்ந்து பேசியவர். அந்தப் பெருந்தன்மையை அவருடைய ரசிகர்களிடமும் எதிர்பார்க்கிறேன், சாவித்திரியின் ரசிகர்களிடமும் எதிர்பார்க்கிறேன்.

திலகத்தின் ரசிகன்:
"வழி கிடைத்தது" என்று சொல்லும்போதே உங்கள் மனம் தெரிகிறது. மிஸ்ஸியம்மாவுக்கு முன்பே, 1953லேயே தேவதாஸ் வந்துவிட்டது. பார்வதியாக நடித்த பிறகு சாவித்திரிக்கு யாரும் வழிவிடத் தேவையில்லை. பானுமதி போட்ட பிச்சையில் சாவித்திரி வளர்ந்தார் என்ற பொய்யை இங்கே விதைக்காதீர்கள்.

கடிதத்தைப் பற்றிய கேள்விக்கு நீங்கள் இன்னும் பதில் சொல்லவில்லை.

வாத்தியார் பக்தன்:
மிஸ்ஸியம்மாவோடு நின்றால் பரவாயில்லையே! நாடோடி மன்னனிலும் இதே கதைதான். தலைவர் எம்.ஜி.ஆர். தன் சொத்தையெல்லாம் போட்டு எடுத்த படம். முதல்முறையாக அவரே இயக்குகிறார். ஒரு காட்சி மனத்துக்கு நிறைவாக வரும்வரை திரும்ப எடுப்பது இயக்குநரின் உரிமை. அதைப் பொறுக்க முடியாமல் பானுமதி விலகினார். வேறு வழியில்லாமல் அவருடைய மதனா பாத்திரத்தைப் பாதிப் படத்தில் சாகடிக்க வேண்டியிருந்தது. இரண்டு படம், இரண்டு சண்டை. எல்லா ஊரிலும் நிர்வாகிதான் கடிதத்தை மறைத்தாரா?

சாலிகிராமத்துக்காரி:
வாருங்கள், உங்களைத்தான் எதிர்பார்த்தேன்.

நாடோடி மன்னன் ஆண்டுக்கணக்கில் எடுக்கப்பட்ட படம். அதே காட்சி, அதே உடை, திரும்பத் திரும்ப. பானுமதி வெறும் நடிகை அல்ல. கணவர் ராமகிருஷ்ணாவோடு பரணி பிக்சர்ஸ் என்ற படக் கம்பெனியை நடத்தியவர். சாலிகிராமத்தில் சொந்த ஸ்டுடியோ வைத்திருந்தவர். லைலா மஜ்னு எடுத்தவர், சண்டிராணியை இயக்கியவர். ஒரு காட்சி எப்போது முடிந்தது என்று தெரிந்தவரிடம் இன்னொரு தடவை, இன்னொரு தடவை என்றால் கேட்கத்தான் செய்வார். எல்லோரும் கைகட்டி நின்ற மனிதரை "மிஸ்டர் ராமச்சந்திரன்" என்று பெயர் சொல்லி அழைத்தவர் என்பார்கள். உங்களுக்கெல்லாம் வலிப்பது அதுதான்.

மதனா செத்த பிறகு அந்தப் படத்தை எத்தனை பேர் நினைவில் வைத்திருக்கிறார்கள்? "சம்மதமா" பாட்டு யாருடைய குரல்?

வாத்தியார் பக்தன்:
எத்தனை பேரா? மதனா போன பிறகுதான் சரோஜாதேவி வருகிறார், அதன் பிறகுதான் படம் வண்ணமாக மாறுகிறது. 1958ல் அந்தத் தீவுக் காட்சிகளைத் திரையில் பார்த்தவர்களைக் கேளுங்கள். பானுமதி இல்லாமலும் படம் ஓடியது, ஓடிக்கொண்டே இருந்தது.

தலைவர் இதையெல்லாம் மனத்தில் வைத்துக்கொண்டவரும் அல்ல. 1985ல் சென்னை அரசு இசைக் கல்லூரியின் முதல்வராக பானுமதி வந்தபோது இந்த மாநிலத்தின் முதல்வர் யார்? சொல்லுங்கள். பழைய சண்டையை நெஞ்சில் வைத்திருந்தால் அது நடந்திருக்குமா?

சாலிகிராமத்துக்காரி:
ஏதோ தானம் கொடுத்ததுபோலப் பேசுகிறீர்கள்! அப்பா பொம்மராஜு வெங்கட சுப்பையாவிடம் குழந்தையிலேயே சங்கீதம் கற்றவர். பின்னணிப் பாடகிகள் வந்து எல்லா நடிகைகளும் வாயசைக்கத் தொடங்கிய பிறகும் தன் பாட்டைத் தானே பாடியவர். அந்த நாற்காலிக்கு அவரைவிடத் தகுதியானவர் யார் இருந்தார்? தகுதிக்குக் கிடைத்த பதவியை ஒருவருடைய பெருந்தன்மைக் கணக்கில் எழுதாதீர்கள்.

ஓங்கோல்காரன்:
நான் சென்னையில் பிறந்து வளர்ந்த தெலுங்கன். இந்தச் சண்டையைப் பார்த்தால் வருத்தமாக இருக்கிறது. பானுமதி ஓங்கோல் பக்கத்துத் தொட்டவரத்தில் பிறந்தவர். 1939ல் வரவிக்ரயம் படத்தில் நடித்தபோது இன்னும் பாவாடை கட்டிய சிறுமி. 1945ல் ஸ்வர்க சீமா, 1951ல் மல்லீஸ்வரி. இரண்டும் பி. என். ரெட்டியின் படங்கள். மல்லீஸ்வரியைப் பார்க்காமல் பானுமதியைப் பற்றிப் பேசுவதே தவறு. நீங்கள் எல்லோரும் எம்.ஜி.ஆர். படக் கணக்கிலேயே அவரை அளக்கிறீர்கள். அவர் எழுதிய மாமியார் கதைகளைப் படித்துச் சிரிக்காத தெலுங்கு வீடு இல்லை. இங்கே யாராவது அதைச் சொன்னீர்களா?

சண்டிராணியை 1953ல் தமிழ், தெலுங்கு, இந்தி என மூன்று மொழிகளில் இயக்கினார். தென்னிந்தியாவின் முதல் பெண் இயக்குநர் அவர்தான். முதலில் அந்த மரியாதையைக் கொடுங்கள். கடிதச் சண்டையை அப்புறம் போடலாம்.

பாட்டுப் புத்தகம்:
முதல் பெண் இயக்குநர் டி. பி. ராஜலக்ஷ்மி. மிஸ் கமலா, 1936. தமிழின் முதல் பேசும் படமான காளிதாஸில் நடித்தவரும் அவரே. பானுமதியைப் புகழ ராஜலக்ஷ்மியை அழிக்க வேண்டாம்.

ஓங்கோல்காரன்:
யாரையும் அழிக்கவில்லை. மூன்று மொழிகளில் ஒரே சமயத்தில் ஒரு பெண் இயக்கினார், அவரே நடித்தார், அவரே பாடினார். அதற்கு ஈடு சொல்லுங்கள் பார்க்கலாம்.

பாட்டுப் புத்தகம்:
நீங்கள் எழுதியது "முதல்" என்று. ஈடு பற்றி அல்ல. 1936 முன்னால் வருமா, 1953 முன்னால் வருமா? இதற்கு மூன்று மொழி தேவையில்லை.

அப்படியே இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தமிழில் பானுமதியின் தொடக்கம் என்று எல்லோரும் மலைக்கள்ளனிலிருந்து ஆரம்பிக்கிறீர்கள். 1948ல் தியாகராஜ பாகவதரின் ராஜமுக்தியிலேயே நடித்துவிட்டார். புனாவில் எடுத்த படம் அது. புதுமைப்பித்தன் உடல்நலம் கெட்டுப்போனதும் அந்தப் பட வேலைக்காகப் போன இடத்தில்தான்.

சாலிகிராமத்துக்காரி:
ராஜமுக்தி எனக்கும் தெரியும். மலைக்கள்ளன் என்ற பெயரையே நான் இங்கே எழுதவில்லை, மேலே போய்ப் பாருங்கள். இப்போது பேச்சு அதுவல்ல.

பதினெட்டு வயதுகூட நிறையாத பெண். 1943ல் உதவி இயக்குநராக இருந்த ஒருவரை விரும்பி மணந்தார். கல்யாணத்துக்குப் பிறகு சினிமாவே வேண்டாம், குடும்பம் போதும் என்று இருந்தார். பி. என். ரெட்டி தேடிவந்து கேட்டதால்தான் ஸ்வர்க சீமாவுக்குத் திரும்பினார். சினிமாவின் வாசலில் போய் நின்றவர் அல்ல, அழைக்கப்பட்டு வந்தவர். அப்படி வந்தவருக்கு எவரிடமும் கெஞ்ச வேண்டிய தேவை இல்லை. அந்தக் காலத்தில் மற்ற நடிகைகளுக்கு அந்த வசதி இருந்ததா? தாமதத்துக்கு மன்னிப்பு எழுதிக் கொடு என்றால் எழுதிக் கொடுத்துவிட்டு அழுதுகொண்டே ஒப்பனை போட்டுக்கொள்ள வேண்டியதுதான். இவர் மட்டும்தான் "முடியாது" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்ச் சொந்தப் படம் எடுக்க முடிந்தவர். கதாநாயகர்கள் தாமதமாக வந்தால் "பெரிய நடிகர், அப்படித்தான்" என்று பெருமையாகச் சொல்கிற இதே வாய்கள், ஒரு பெண் நோன்புக்காக அரை நாள் கேட்டால் திமிர் என்கின்றன. இதைத்தான் அந்தக் காணொளிக்காரரிடம் கேட்க நினைத்தேன். இங்கேயே அவருடைய ஆட்கள் இத்தனை பேர் இருப்பார்கள் என்று நினைக்கவில்லை.

திலகத்தின் ரசிகன்:
நான் யாருடைய ஆளும் அல்ல. நீங்கள் சொன்னதையே திருப்பிக் கேட்கிறேன். சொந்த ஸ்டுடியோ, சொந்தப் படம், தயாரிப்பாளர், இயக்குநர். ஒரு நாள் படப்பிடிப்பு நின்றால் என்ன நஷ்டம் என்று அங்கே இருந்த எல்லாரையும்விட அவருக்குத்தான் நன்றாகத் தெரியும். தெரிந்தும் ஒரு கடிதத்தோடு நிறுத்திக்கொண்டார் என்றால் அது இன்னும் பெரிய தவறு. பரணி ஸ்டுடியோவில் ஒரு நடிகை இப்படிச் செய்திருந்தால் பானுமதி ஏற்றுக்கொண்டிருப்பாரா?

1954ல் பரணி எடுத்த படத்தின் பெயரே சக்கரபாணி. இதையும் தற்செயல் என்று சொல்லுங்கள்.

சாலிகிராமத்துக்காரி:
சக்கரபாணி என்பது பெருமாளின் பெயர். கும்பகோணத்தில் கோயிலே இருக்கிறது. ஒரு படத்தின் பெயரை வைத்து வன்மம் கண்டுபிடிக்கிற உங்களுக்கு ஒரு கடிதத்தை நம்ப முடியவில்லை!

பரணியில் ஒரு நடிகை முன்கூட்டியே கடிதம் கொடுத்திருந்தால் ரீல் எரிந்திருக்காது. இதுதான் என் பதில். ரீல்களை எரித்தவருக்கு நஷ்டக் கணக்கு தெரியாதா? நான்கு ரீல் ஃபிலிமை நெருப்பில் போட்டவரைச் சிக்கனமானவர் என்றும், அரை நாள் தாமதமாக வந்தவரை நஷ்டம் செய்தவர் என்றும் சொல்கிறீர்கள்.

திலகத்தின் ரசிகன்:
எரித்ததும் கேள்விப்பட்ட கதைதான். அதற்கும் சாட்சி கேட்பேன்.

சாலிகிராமத்துக்காரி:
உங்களுக்குப் பிடிக்காதது எல்லாம் கேள்விப்பட்டது. நேரத்துக்கு வரவில்லை என்பதை மட்டும் நீங்கள் நேரில் பார்த்தீர்களா? அந்தத் தாமதத்துக்கும் இதே கதைதானே சாட்சி? பாதியை நம்பி, பாதியைத் தள்ளுகிறீர்கள்.

வாத்தியார் பக்தன்:
நாடோடி மன்னன் பற்றி நான் கேட்டதற்கு இன்னும் பதில் இல்லை. ஒப்புக்கொண்ட படத்தைப் பாதியில் விடுவது சரியா, தவறா? ஒரு சொல்லில் சொல்லுங்கள்.

சாலிகிராமத்துக்காரி:
சரி.

வாத்தியார் பக்தன்:
இதற்குமேல் உங்களோடு பேச என்ன இருக்கிறது? வீட்டை அடமானம் வைத்துப் படம் எடுப்பவர்களுடைய வலி உங்களுக்குப் புரியாது.

ஓங்கோல்காரன்:
மல்லீஸ்வரியை இங்கே எத்தனை பேர் பார்த்திருக்கிறீர்கள் என்று கேட்டேன். ஒருவரும் வாய் திறக்கவில்லை.

பாட்டுப் புத்தகம்:
நீங்கள் அப்படிக் கேட்கவில்லை. "முதல் பெண் இயக்குநர்" என்று எழுதினீர்கள். அது இன்னும் திருத்தப்படாமல் அப்படியே மேலே நிற்கிறது.

திலகத்தின் ரசிகன்:
கடைசியாக ஒன்று. மிஸ்ஸியம்மாவை சாவித்திரி இல்லாமல் யாராலும் நினைத்துப் பார்க்க முடியாது. அந்த முகத்தில் கோபமும் குறும்பும் மாறி மாறி வருகிற அழகு பானுமதிக்கு வந்திருக்காது. அவர் கம்பீரமானவர், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மேரி கம்பீரம் கேட்கும் வேடம் அல்ல. அந்த வீட்டு வாசலில் வேலை தேடி நிற்கும் பெண்ணாக பானுமதியை யார் நம்புவார்கள்?

சாலிகிராமத்துக்காரி:
அந்த மேரி பாட்டும் பாடுகிறவள் என்பதை மறந்துவிட்டீர்கள். பாடும் பெண்ணாக நடித்த சாவித்திரிக்குப் பாடியது பி. லீலா. பானுமதி நடித்திருந்தால் வாயும் குரலும் ஒரே ஆளுடையதாக இருந்திருக்கும். அன்னையில் அவர் பாடுகிற காட்சியை இன்று இரவு போட்டுப் பார்த்துவிட்டு, நாளைக்கு வந்து யார் நம்புவார்கள் என்று எழுதுங்கள்.

திலகத்தின் ரசிகன்:
லீலாவின் குரலைக் குறை சொல்கிற அளவுக்கு வந்துவிட்டீர்களா? அதற்குத் தனியாக ஒரு திரி தொடங்குகிறேன், அங்கே வாருங்கள்.