ஆட்டு மூளைச் சாற்றிலிருந்து 14-3-3 புரதம் காந்த மணியில் ஒட்டவில்லை: பெப்டைடு கெட்டுவிட்டதா?

ஆய்வுமாணவன்_நாகர்கோவில்
வணக்கம். வடசேரியில் காலையில் வெட்டிய ஆட்டு மூளையை ஐஸில் கொண்டுவந்து சாறு எடுத்து, ராஃப்-1 புரதத்தின் 259-ஆவது செரினைச் சுற்றிய பகுதியைப் போன்ற செயற்கைப் பெப்டைடால் (குட்டி அமினோ அமிலச் சங்கிலி) 14-3-3-ஐ (பாஸ்பேட் ஏறிய செரினில் ஒட்டும் புரதம்) பிடிக்கப் பார்க்கிறோம். வரிசை: பயோட்டின், அமினோஹெக்ஸனாயிக் இணைப்பு, ஆர்ஜினின், குளுட்டமின், ஆர்ஜினின், செரின், திரியோனின், பாஸ்போசெரின், திரியோனின், புரோலின், அஸ்பராஜின், வாலின், ஹிஸ்டிடின், முனையில் அமைடு. ஒப்பீட்டுக்கு அதே வரிசை, பாஸ்பேட் இல்லாமல்.

1 மி.கி. குப்பியை 588 மைக்ரோலிட்டர் தண்ணீரில் கரைத்து 1 மில்லிமோலார் என்று எடுத்துக்கொண்டோம். 0.5 மி.கி. புரதம் உள்ள சாற்றில் 20 மைக்ரோகிராம் பெப்டைடு, 0.5 மி.கி. ஸ்ட்ரெப்டாவிடின் (பயோட்டினை இறுகப் பிடிக்கும் புரதம்) பூசிய காந்த மணி இரண்டையும் சேர்த்துப் போட்டு, 4 டிகிரியில் இரவு முழுக்கச் சுழற்றினோம். தாங்கலில் 1 சதவீதம் டிரைட்டன், புரோட்டியேஸ் தடுப்பான், 1 மில்லிமோலார் சோடியம் வனடேட். கூமாசி சாயமிட்ட ஜெல்லில் 14-3-3 வரவேண்டிய 28–30 கிலோடால்டன் இடம் வெறுமை. 75, 130 பக்கம் மட்டும் இரண்டு பெப்டைடின் பாதையிலும் ஒரே மாதிரி பட்டைகள். பெப்டைடைப் புதிதாக ஆர்டர் போடலாமா?

தக்கலை_புரதம்
இப்போது ஆர்டர் போடாதீங்க தம்பி. முதலில் மோல் கணக்கு. இந்தப் பெப்டைடின் எடை சுமார் 1,700. அப்படியென்றால் 20 மைக்ரோகிராம் கிட்டத்தட்ட 12,000 பிகோமோல். 2.8 மைக்ரான் காந்த மணி 1 மி.கி. ஏற்பது ஏறக்குறைய 200 பிகோமோல் பயோட்டின் பெப்டைடுதான் (உங்கள் மணியின் தாளில் சரியான எண் இருக்கும்). அரை மி.கி.க்கு 100. மீதி 99 சதவீதம் சாற்றில் சும்மா மிதக்கிறது.

மூளையில் கரையும் புரதத்தில் சுமார் 1 சதவீதம் 14-3-3. உங்கள் சாற்றில் 5 மைக்ரோகிராம் இருக்கும், ஒற்றை அலகாக 180 பிகோமோல். மிதக்கிற பெப்டைடு அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும், கழுவும்போது இரண்டும் சேர்ந்தே வெளியே போகும். பெப்டைடு எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் முடிவு இதுதான்.

ஆகவே மணியில் முதலில் பெப்டைடை ஏற்றுங்கள். 50 மைக்ரோலிட்டர் மணியை மூன்று முறை கழுவி, 300 பிகோமோல் பெப்டைடை (10 மைக்ரோமோலார் கரைசலில் 30 மைக்ரோலிட்டர்) 200 மைக்ரோலிட்டர் தாங்கலில் சேர்த்து, அறை வெப்பத்தில் 30 நிமிடம். மறுபடி மூன்று கழுவல். இந்தக் கழுவலைத் தவறவிட்டால் பழைய சிக்கலே திரும்ப வரும். அதன் பிறகுதான் சாறு, 4 டிகிரியில் 1 மணி நேரம். இரவு முழுக்க வேண்டவே வேண்டாம். 50 பிகோமோல் பிடிபட்டாலும் 1.4 மைக்ரோகிராம், கூமாசியில் தெளிவாகத் தெரியும்.

குலசேகரம்_லேப்
மேலே சொன்னது சரி. 75, 130 பட்டைகளை மட்டும் விட்டுவிட்டார்கள். அவை திசுவில் இயல்பாகவே பயோட்டின் சுமக்கிற கார்பாக்சிலேஸ் நொதிகள். பைருவேட் கார்பாக்சிலேஸ் 130, புரோப்பியோனைல், மீத்தைல்குரோட்டோனைல் வகைகளின் பெரிய அலகு 75 பக்கம். மணியில் நேராகவே ஒட்டும், பெப்டைடுக்கு இதில் பங்கில்லை. அதனால்தான் இரண்டு பாதையும் ஒன்றுபோல இருக்கிறது.

இவை மைட்டோகாண்ட்ரியாவில் இருப்பவை. டிரைட்டன் போட்டதால் வெளியே வந்துவிட்டன. 14-3-3 கரையும் புரதம், அதை எடுக்க டிரைட்டன் தேவையே இல்லை. 0.32 மோலார் சுக்ரோஸ், 20 மில்லிமோலார் ஹெப்பிஸ் (பி.எச். 7.5) கரைசலில், திசுவுக்கு மூன்று மடங்கு அளவில் மெதுவாக அரைத்து, 10,000 ஜி-யில் 20 நிமிடம் சுழற்றி மேல்நீரை மட்டும் எடுங்கள். பிடிக்கும் கட்டத்தில் 150 மில்லிமோலார் உப்பும் 0.05 சதவீதம் ட்வீனும் போதும். பெப்டைடு ஏற்றிய மணியில் மிஞ்சிய இடங்களை 1 மில்லிமோலார் பயோட்டினால் 10 நிமிடம் அடைத்துக் கழுவினால் அந்தப் பட்டைகள் நன்றாகவே குறையும்.

இன்னொன்று, வனடேட் டைரோசின் பாஸ்பட்டேஸ்களைத்தான் (டைரோசினிலிருந்து பாஸ்பேட்டை நீக்கும் நொதிகள்) தடுக்கும். உங்களுடையது பாஸ்போசெரின். 50 மில்லிமோலார் சோடியம் ஃபுளோரைடு, 20 மில்லிமோலார் பீட்டா-கிளிசரோபாஸ்பேட், 5 மில்லிமோலார் ஈ.டி.டி.ஏ. சேருங்கள். இவை இல்லாமல் இரவு முழுக்கச் சுழற்றினால் பெப்டைடு உங்கள் ஒப்பீட்டுப் பெப்டைடாகவே மாறிவிடக்கூடும்.

மார்த்தாண்டம்_பெப்டைடு
588 மைக்ரோலிட்டர் கணக்கையும் திருத்தணும் மக்கா. குப்பியில் எழுதியிருப்பது மொத்த எடை. இரண்டு ஆர்ஜினின், ஒரு ஹிஸ்டிடின் ஆகியவற்றோடு டிரைஃபுளோரோஅசிட்டேட் உப்பும் ஈரமும் சேர்ந்திருக்கும், நிகரப் பெப்டைடு 75–80 சதவீதம்தான் எதிர்பார்க்கலாம். 78 என்றால் உங்கள் கரைசல் 0.78 மில்லிமோலார். நம் மாவட்டத்தில் ஆனியிலும் மழை, ஐப்பசியிலும் மழை. குப்பியைக் குளிரிலிருந்து எடுத்தவுடன் திறந்தால் தூள் ஈரத்தை இழுத்துவிடும். சிலிக்கா ஜெல் உள்ள மூடிய கலனில் ஒரு மணி நேரம் வைத்த பிறகே திறங்கள்.

டிரிப்டோஃபேனோ டைரோசினோ இல்லாததால் 280 நானோமீட்டரில் அளக்க முடியாது. ஹாபா–அவிடின் சோதனை (பயோட்டின் வந்தால் ஹாபா சாயம் அவிடினை விட்டு விலகும்) செய்யுங்கள்: 500 நானோமீட்டரில் உறிஞ்சல் எவ்வளவு குறைகிறதோ அதை 34-ஆல் வகுத்தால் குவெட்டில் உள்ள பயோட்டின் மில்லிமோலாரில் கிடைக்கும். 0.17 குறைந்தால் 5 மைக்ரோமோலார். சேர்த்த கரைசலின் அளவால் நீர்த்துப்போவதால் வரும் குறைவைக் கழித்துக்கொள்ளுங்கள். ஒப்பீட்டுப் பெப்டைடையும் இதிலேயே அளந்து சமப்படுத்தாமல் இரண்டு பாதைகளை ஒப்பிடுவதில் அர்த்தமில்லை. தனிப் பயோட்டின் கலந்திருந்தால் அதையும் சேர்த்தே காட்டும், தூய்மையைக் காட்டும் எச்.பி.எல்.சி. தாளையும் பாருங்கள்.

பாஸ்பேட் இருக்கிறதா என்பதற்கு நிறை அளவி போதும்: இரட்டை மின்னேற்றத்தில் 850.9 வரணும். 810.9 வந்தால் பாஸ்பேட் போய்விட்டது.

ஆய்வுமாணவன்_நாகர்கோவில்
எல்லோருக்கும் நன்றி. மணியில் ஏற்றுவதிலிருந்து தொடங்குகிறோம். கொதிக்க வைக்காமல் 14-3-3-ஐ இறக்க வழி உண்டா? எந்தெந்த வகைகள் பிடிபட்டன என்றும் பார்க்கணும்.

தக்கலை_புரதம்
உண்டு. ஆர்18 என்ற 20 அமினோ அமிலப் பெப்டைடு, பாஸ்பேட் இல்லாமலே, உங்கள் பெப்டைடு ஒட்டும் 14-3-3-இன் அதே பள்ளத்தில் உட்காரும். பயோட்டின் இல்லாத ஆர்18-ஐ 500 மைக்ரோமோலாரில் 50 மைக்ரோலிட்டர், அறை வெப்பத்தில் 30 நிமிடம், இரண்டு முறை. அதில் இரண்டு சிஸ்டீன் உண்டு, 1 மில்லிமோலார் டி.டி.டி. (டைத்தியோதிரைட்டால்) இல்லாமல் வைத்தால் இணைந்துவிடும். பெப்டைடோடு சம்பந்தமில்லாமல் மணியில் ஒட்டியவை பெரும்பாலும் மணியிலேயே நிற்கும், ஸ்ட்ரெப்டாவிடினும் கலக்காது. பாலூட்டிகளில் 14-3-3 ஏழு வகை. டிரிப்சினால் வெட்டினால் பல துண்டுகள் ஏழிலும் பொதுவாக வரும், ஒரே வகைக்கு உரிய துண்டுகளை மட்டும் எண்ணுங்கள்.